பிரேசோஸ் பெண்டில் அப்புச்சியும் அலிகேட்டரும்

சின்னப் பிள்ளைகளோடு அலிகேட்டர் (அமெரிக்காவில் வாழும் ஒரு முதலை வகை) இருக்கும் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நாங்கள் போனது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே நீட்வில் பக்கம் இருக்கும் பிரேசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க். ஏப்ரல் மாதம், ஊரிலிருந்து அப்பாவும் (பிள்ளைகளுக்கு அப்புச்சி) அம்மாவும் வந்திருந்த சமயம். ஷாப்பிங் மால்களையும் கோவில்களையும் சுற்றிக் காட்டியே அலுத்துவிட்டது. அப்பாவுக்கு அமராவதி அணை முதலைப் பண்ணை பழக்கம் என்பதால் இங்கேயும் கம்பி வேலி, தொட்டி, டிக்கெட் கிழிப்பவர் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தார்.

ஃபார்ட்டி ஏக்கர் ஏரிக்கரையில் இறங்கியதும் என் கணவரிடம் மெதுவாக, "ஏனுங் மாப்பிள்ளை, வேலி கீலி ஒண்ணும் காணமுங்களே?" என்றார். வேலியே கிடையாது. சுமார் 5,000 ஏக்கர் காடும் ஏரியும். நடைபாதை ஏரிக்கரை மேலேயே போகிறது, அதே கரையில்தான் அலிகேட்டர்களும் ஏறி வெயில் காய்கின்றன. அம்மா உடனே சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி காரில் ஏறும்வரை விடவில்லை.

விதி எளிது: 30 அடி தள்ளி நிற்க வேண்டும். முதலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் புகுந்து போகக் கூடாது. அது புஸ்ஸென்று சீறினால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பூங்காவில் தன்னார்வலராக இருந்த ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் சொல்லிக் கொடுத்தார். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே எத்தனை அங்குலமோ, உடம்பு ஏறக்குறைய அத்தனை அடி நீளம். தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரியும்போது இதை வைத்துத்தான் ஆள் எவ்வளவு பெரிசு என்று மதிப்பிடுவார்களாம். அதற்கப்புறம் பெரியவள், மிதந்து வந்த மரக்கட்டைக்குக்கூட அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா பைனாகுலரில் ஒன்றை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பல்லே வெளிய தெரியலயே" என்றார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நம்மூர் சதுப்பு முதலை வாயை மூடினாலும் கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். அலிகேட்டருக்கு அது மேல்தாடைக்குள் போய்விடும். மூஞ்சி அகலத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள், ஆனால் நம் சதுப்பு முதலைக்கும் அகல மூஞ்சிதான் என்பதால் அந்த அடையாளம் இந்த இரண்டுக்கும் அவ்வளவாக உதவாது.

காலை ஒன்பது மணி வாக்கில்தான் அன்றைய பெரிய விஷயம். ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். யாரோ கிணற்று மோட்டார் போடுகிறார்கள் என்றார் அப்பா. பார்த்தால் ஒரு பெரிய ஆண் அலிகேட்டர், தலையையும் வாலையும் தண்ணீருக்கு மேல் தூக்கி, தொண்டையை உப்ப வைத்துக்கொண்டு கிடக்கிறது. சத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் முதுகின் மேல் இருக்கும் தண்ணீர் துளித்துளியாகத் துள்ளுகிறது! நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வை அது முதலில் எழுப்புவதால் அப்படியாம். அப்புறம்தான் அந்த உறுமல். ஒன்று முடிக்க அடுத்தது தொடங்க, ஏரி முழுக்கப் பதில் உறுமல். இது இணை சேரும் காலத்துக் கச்சேரி. ஏப்ரல், மே மாதங்களில் போனால் கேட்க வாய்ப்பு அதிகம். இதற்காகவே காலையில் சீக்கிரம் கிளம்புங்கள்.

எல்ம் ஏரிக்குப் போகும் ஸ்பில்வே பாதையில் ஒன்று வழியை மறித்துக் குறுக்கே படுத்திருந்தது. எட்டு அடி இருக்கும். நாங்கள் தூரமாகவே நின்றுவிட்டோம். எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் மட்டும் செல்ஃபிக்காக முதுகைக் காட்டியபடியே அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். சீறல் எங்களுக்கே கேட்டது. "அட, அந்தாளைக் கூப்புடுங்க அம்மிணி!" என்று அப்பா கத்த, அவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் சத்தம் புரிந்து ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் அது நாலு காலையும் ஊன்றி, வயிறு தரையில் படாமல் உடம்பைத் தூக்கிக்கொண்டு நிதானமாக நாலு எட்டு நடந்து தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. முதலை என்றால் ஊரும் என்றே நினைத்திருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள்.

பயப்பட வேண்டியது அந்த செல்ஃபிக்காரர் மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான். ரொட்டித் துண்டு வீசுபவர்கள் அதைவிட மோசம். தீனி கிடைத்துப் பழகிய முதலைக்கு மனிதர் மேல் இருக்கும் கூச்சம் போய்விடும், அப்புறம் ஆளைக் கண்டாலே கரையை நோக்கி வரும். ஆபத்தென்று அதைக் கொன்றுவிடுவார்கள் என்பதால், கடைசியில் சாவது பெரும்பாலும் முதலைதான். டெக்சஸில் தீனி போடுவது சட்டப்படி குற்றம். 2015இல் ஆரஞ்ச் என்ற ஊரில் ஒருவர் எச்சரிக்கைப் பலகை இருந்தும் இரவில் தண்ணீரில் குதித்து உயிரிழந்தார். 1836க்குப் பிறகு அந்த மாநிலத்தில் முதலை தாக்கிப் பதிவான முதல் மரணம் அது என்று அப்போது செய்திகளில் வந்தது. இத்தனைக்கும் லட்சக்கணக்கில் அலிகேட்டர் வாழும் மாநிலம்.

எல்ம் ஏரியில் தாயின் முதுகு மேல் மஞ்சள் பட்டை போட்ட குட்டிகள் ஏறி உட்கார்ந்திருந்தன. அந்த இடத்தில் மட்டும் 30 அடி என்பதை 60 ஆக்கிக்கொள்ளுங்கள், தாய்க்குக் கோபம் சட்டென்று வரும். பறவைகள் ஏராளம். கரண்டி மாதிரி அலகுள்ள இளஞ்சிவப்பு ஸ்பூன்பில் பறவையைப் பார்த்தோம்.

அன்றைக்குக் கடி வாங்கியது அம்மா ஒருவர்தான், அதுவும் நெருப்பெறும்பிடம். செருப்போடு புல்லில் நின்று புளிசாதம் பரிமாறியதற்குக் கிடைத்தது. ஷூ போட்டுக்கொண்டு போங்கள், கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் கொண்டுபோகிறவர்கள் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, தண்ணீர் ஓரத்துக்கே விடாமல் இருப்பது நல்லது. தாத்தா பாட்டிக்கு நடக்கக் கஷ்டம் என்றால் கிரீக்ஃபீல்டு ஏரிப் பாதை போதும், சுமார் அரை மைல், தார் போட்டது, சக்கர நாற்காலியும் போகும். நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு ஆளுக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். வார இறுதியில் இடம் நிரம்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.