காட்பாடி ஞாயிறு நாய் நடை: செம்பியைக் கூட்டிப் போகலாமா?

செம்பி வீட்டுக்காரி:
எங்கள் காந்தி நகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. ஞாயிறு காலை 5.30-க்கு நாய் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து நடக்கப்போகிறார்களாம். தடுப்பூசி போட்ட எந்த நாயும் வரலாம், காசு கிடையாது. எங்கள் செம்பி நாட்டு நாய், இரண்டு வயது. மழையில் கால்வாய் ஓரம் கிடந்த குட்டியை எடுத்து வந்தோம். வீட்டில் தங்கம். வெளியே வந்தால் பால்காரர் சைக்கிள் மணிக்கே கால் நடுங்கும். பத்து நாய்க்கு நடுவில் விட்டால் பயம் தெளியும் என்கிறேன் நான். இருக்கிற தைரியமும் போகும் என்கிறார் வீட்டுக்காரர். நீங்கள் சொல்லுங்கள்.

லேப் அப்பா:
தாராளமாக வாங்கக்கா. நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். போன வாரம் ஏழு நாய் வந்தன: மூன்று லேப் (லாப்ரடார்), ஒரு பொமரேனியன், ஒரு சிப்பிப்பாறை, இரண்டு நம்ம ஊர் நாய். முதல் பத்து நிமிடம் குரைத்துத் தீர்த்தன, அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்தன. எங்கள் தெருவில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்கு இந்த நடையில்தான் தெரிந்தது.

நாட்டு நாய் கட்சி:
லேப் வைத்திருக்கிறவர்கள் சந்தித்துக்கொள்ள நாய் ஒரு சாக்கு. அக்கா, நம்ம ஊர் நாய்க்குத் தெருவே ஊர்வலம். அது தன் எல்லையைத் தானே சுற்றி வரும், அதற்குச் சங்கம் தேவையில்லை. அங்கே போனால் "என்ன பிரீட்?" என்று கேட்பார்கள். "நாடு" என்றதும் ஒரு "ஓ" வரும் பாருங்கள், அந்த "ஓ"-வுக்காகவே போகாதீர்கள்.

விருதம்பட்டு நடையர்:
என்னிடம் நாய் கிடையாது, காலையில் நடக்கிறவன். எங்களைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி கயிற்றில் வந்த நாய் கெண்டைக்காலைக் கவ்வியது. கடிக்கிற நொடி வரைக்கும் அதன் சொந்தக்காரர் "ஒண்ணும் பண்ணாது சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். 0, 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தடவை ஊசி. ஒரு நாயைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடலாம். பத்து நாய் தெரு அகலத்துக்கு வந்தால் எங்கே போவது? உச்ச நீதிமன்றமே 2025 நவம்பரில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லியிருக்கிறது.

லேப் அப்பா:
அண்ணா, கடிபட்ட கோபம் புரிகிறது. ஆனால் அந்த உத்தரவு தெருநாய்க்கு. கயிற்றில் பிடித்து வருகிற வீட்டு நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விருதம்பட்டு நடையர்:
சம்பந்தம் இருக்கிறது தம்பி. உங்கள் ஊர்வலத்தைப் பார்த்துத் தெருநாய் ஐந்து பின்னாலேயே வருகிறது. நீங்கள் டீக்கடையில் பொறை வாங்கிப் போடுகிறீர்கள். 2025 ஆகஸ்ட் 22 உத்தரவைப் படியுங்கள்: ஒதுக்கின இடத்தில்தான் தெருநாய்க்குச் சாப்பாடு போடலாம், கண்ட தெருவிலும் போடக் கூடாது. ஒரு வாரம் பொறை போட்டால் மறுவாரம் அதே இடத்தில் அது காத்திருக்கும். அந்த வழியாகச் சும்மா போகிற என்னையும் பொறைக்காரன் என்று நினைக்கும்.

நாட்டு நாய் கட்சி:
பொறை விஷயத்தில் நடையர் பக்கம் நான். (இதை எழுதும்போது என் கையே கூசுகிறது.)

ஓய்வு கால்நடை:
நான் கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா, போகலாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் செம்பிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டதா? கருத்தடை ஆயிற்றா? பருவத்தில் இருக்கிற பெட்டையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோனால் அன்றைக்கு நடை நடக்காது, மல்யுத்தம்தான் நடக்கும். ஏறக்குறைய மூன்று வாரம் வீட்டிலேயே வைக்க வேண்டும். ஊசி முழுசாக முடியாத குட்டியையும் கூட்டி வரக் கூடாது, பார்வோ என்கிற வயிற்றுப்போக்கு வைரஸ் வந்துவிடும். உண்ணி இருக்கிறதா என்று காது மடலிலும் கால் விரல் இடுக்கிலும் பாருங்கள். ஒரு நாயின் உண்ணி ஏழு வீட்டுக்குப் போகும்.

இனி பயம். இரண்டு நாயை மூக்கோடு மூக்கு நிற்க வைத்து "ஹாய் சொல்லு" என்கிறோமே, நாய் வழக்கத்தில் அது மரியாதைக் குறைவு. கயிறு விறைப்பாக இருந்தால் இன்னும் மோசம், ஓட வழியில்லை என்று தெரிந்த நாய்தான் பாயும். பதினைந்து இருபது அடி இடைவெளி விட்டு, எல்லாம் ஒரே திசையில் நடக்கட்டும். முன்னால் போகிற நாயின் வாசனை போதும், அறிமுகம் ஆகிவிடும். செம்பி வாலை இடுக்கினாலோ, உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ இன்னும் பின்வாங்குங்கள். அந்தக் கொட்டாவி தூக்கம் இல்லை, பதற்றம்.

சத்துவாச்சாரி மாடி:
காலை ஐந்தரைக்கு எவன் எழுந்திருப்பான்? சாயங்காலம் ஆறு மணிக்கு வையுங்கள், கும்பலாக வருகிறோம். கோட்டை அகழி ஓரம் நடக்கலாம், காற்று வரும்.

ஓய்வு கால்நடை:
தம்பி, பங்குனி வந்தாச்சு. இது வேலூர், ஊட்டி இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. நமக்குச் செருப்பு இருக்கிறது. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். பொமரேனியன், லேப் எல்லாம் கத்திரியில் சீக்கிரம் சுருண்டு விழும். அகழி ஓரம் வேண்டாம், நடக்க வருகிற வயசானவர்களே அங்கே அதிகம். தேங்கின தண்ணீரை நாய் நக்கினால் எலிக்காய்ச்சலும் வரலாம், அது நாயோடு நிற்காது, வீட்டுக்கும் வரும்.

நாட்டு நாய் கட்சி:
அப்போ பாலாற்று மணல்? தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவார்கள். நாய்க்காவது அந்த ஆறு உதவட்டுமே. விடியலில் மணல் ஜில்லென்று இருக்கும்.

விருதம்பட்டு நடையர்:
ஜில்லென்றுதான் இருக்கும். பாட்டில் சில்லும் இருக்கும். பாலத்துக்குக் கீழே ஒரு தெருநாய்க் கூட்டமே குடியிருக்கிறது. கயிற்றில் கட்டின நாயோடு அதன் எல்லைக்குள் போய்ப் பாருங்கள், அப்புறம் நான் சொன்ன ஊசிக் கணக்கு உங்களுக்கும் மனப்பாடம் ஆகும்.

செம்பி வீட்டுக்காரி:
ஐயா, ஊசி தை மாதம் போட்டாச்சு, கருத்தடை போன வருஷமே. இந்த ஞாயிறு போய்விட்டும் வந்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீட்டு வாசலிலேயே கால் மணி நேரம் போயிற்று, நகர மாட்டேன் என்று படுத்துவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தெருமுனை திரும்பிவிட்டது. அதுவே நல்லதாய்ப் போயிற்று, ஐயா சொன்ன இடைவெளி தானாகவே கிடைத்தது. மூன்று தெருவுக்கும் தரையோடு தரையாக, என் சேலை ஓரத்தை உரசிக்கொண்டே வந்தாள். கொட்டாவி நான்கு தடவை, எண்ணினேன். நான்காவது தெருவில் அந்தச் சிப்பிப்பாறை நின்று சிறுநீர் கழித்த மின்கம்பத்தை மோந்தாள். ஒரு நிமிடம் இருக்கும், விடாமல் மோந்தாள். அப்புறம் வால் பாதி உயரத்துக்கு வந்தது. முழுசாக இல்லை, பாதி. யாரும் "என்ன பிரீட்" என்று கேட்கவில்லை. ஒருவர் "ஓ" சொன்னார், அது உண்மைதான்.

ஒரு லேப் மட்டும் இழுத்துக்கொண்டு நேரே ஓடி வந்தது. "ஃப்ரெண்ட்லி, ஃப்ரெண்ட்லி" என்று பின்னாலேயே குரல். செம்பி என் காலுக்கு நடுவில் புகுந்துவிட்டாள். பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை, சாயங்காலம் அவரே ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் மார்பில் கட்டுகிற பட்டை) வாங்கி வந்தார்.

லேப் அப்பா:
அந்த லேப் என்னுடையதுதான் அக்கா. மன்னிச்சிடுங்க. இழுத்தால் நீளுகிற ரோல் கயிறு, பட்டனை அமுக்க மறந்துட்டேன். சாதாரணக் கயிறு மாற்றுகிறேன். பொறையும் இனி இல்லை. ஒரே வரிசை, தெருவின் ஒரே பக்கம். கழிவை எடுக்கப் பையோடு வராதவர்களுக்கு இடமில்லை. இதைக் குழுவிலும் போட்டாச்சு.

விருதம்பட்டு நடையர்:
வரிசையைப் பார்த்தேன், பால் பூத் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஆறு பேர் ஒழுங்கு. கடைசியாக வந்த இரண்டு பேர் போன் பார்த்துக்கொண்டு வந்தார்கள், நாய் என் செருப்பு வரைக்கும் வந்து மோந்துவிட்டுப் போயிற்று. போனைப் பையில் போடச் சொல்லுங்கள். அதுவரை நான் எதிர்ப்பக்கம்தான்.

செம்பி வீட்டுக்காரி:
அடுத்த வாரம் நாங்கள்தான் கடைசி அண்ணா. போன் கொண்டுவர மாட்டேன்.