பஸ் காட்சியில் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் மௌனம்: என்ன செய்யலாம்?

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கேன். பாலியல் சீண்டலைக் கண்ணெதிரே பார்ப்பவர் எப்படித் தடுப்பது என்று இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஜூலையிலிருந்து பயிற்சி. 60 பேர், வாரம் 1 மணி நேரம்.

டவுன் பஸ் காட்சியை நடிக்கச் சொன்னால் பையன்களில் பாதிப் பேர் சட்டையைப் பிடிக்கப் போறாங்க. மீதிப் பேர் 'நமக்கேன் வம்பு'ன்னு ஜன்னலைப் பார்க்கிறாங்க. பேச்சுக் கொடுத்துத் திசை திருப்புவது, கண்டக்டரிடம் சொல்வது, இறங்கியதும் அந்தப் பெண்ணிடம் "கூட வரட்டுமா?"ன்னு கேட்பது, இதெல்லாம் யாருக்கும் தோணவே இல்லை.

வக்கீலை அழைத்து, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பற்றிப் பேச வைத்தேன். பாதி வகுப்பு தூங்கியது. பெண்கள் உதவி எண் 181 எல்லாருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான். ஆண், பெண் தனித்தனியாகவும் நடத்தினேன். பெண்கள் மனம்விட்டுப் பேசினாங்க, பையன்கள் கேலியில் இறங்கிட்டாங்க.

போன வாரம் "சீண்டுறவன் உன் சொந்த ஃபிரெண்டுன்னா?"ன்னு கேட்டேன். ஒரு சத்தம் இல்லை. நிஜமான முடிச்சு அங்கேதான்னு நினைக்கிறேன்.

நண்பனையே தடுக்கும் துணிவை வரவழைக்க, நீங்கள் நடத்திப் பலன் கண்ட பயிற்சி எது?