தார் எஸ் சலாமில் மலிவு விமானம் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி – வடக்குவாசல்

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் கிடங்கில், நாட்டின் வடமேற்கிலுள்ள முவான்சா ஊர்க்காரர் ஒருவர் வேலை செய்கிறார். ஊருக்குப் போவதென்றால் விடியுமுன் பேருந்து ஏறி, ஒரு பகலையும் பாதி இரவையும் இருக்கையிலேயே கழிப்பார். 2012 நவம்பரில் ஃபாஸ்ட்ஜெட் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம் இங்கே பறக்கத் தொடங்கியது. வரி நீங்கலாக 32,000 ஷில்லிங்கிலிருந்து டிக்கெட் என்ற விளம்பரத்தைப் பார்த்து, முதன்முறையாக விமானம் ஏறினார். அந்தப் பயணச்சீட்டின் கிழித்த துண்டு இன்னும் அவர் பர்ஸில் இருக்கிறது. 2018 டிசம்பரில் சேவை நின்றுவிட்டது. மக்களிடம் பணமில்லை என்பதே காரணம் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். தான் போனபோது ஓர் இருக்கைகூடக் காலியாக இல்லை என்கிறார் இவர். துறையில் இருப்பவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – குத்தகைக்கணக்கு

கென்யாவின் நைரோபியில் விமானக் குத்தகைக் கணக்குகளைச் சில ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு ஏர்பஸ் ஏ319 விமானத்தின் மாத வாடகை, அது பறந்தாலும் நின்றாலும் அதே தொகைதான். அதையும் டாலரில் கட்ட வேண்டும். ஆகவே ஒரு நாளில் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் பறக்கவைத்து அந்த வாடகையை ஏராளமான பயணிகளின் தலையில் பங்கிடும் நிறுவனத்தால்தான் டிக்கெட்டை மலிவாக விற்க முடியும். உள்நாட்டில் இரண்டு மூன்று ஊர்களுக்கு மட்டும் போய்வந்தால் அத்தனை மணி நேரம் தேறாது. எல்லை தாண்டியாக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபாஸ்ட்ஜெட் தார் எஸ் சலாமிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போனது 2013 அக்டோபரில். ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் இருக்கும் நைரோபிக்கு அனுமதி கிடைத்துப் போனதோ 2016 ஜனவரியில். இரண்டு நாடுகளும் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் உறுப்பினர்கள் என்பதை நினைவில் கொள்ளவும். எந்த நிறுவனம், வாரத்தில் எத்தனை முறை, எந்த ஊருக்கு என்பதையெல்லாம் இரு அரசுகள் பேசி முடிவு செய்யும் இருதரப்பு ஒப்பந்தங்களே இன்றும் பெரும்பாலும் நடைமுறையில் உள்ளன. வானத்தைத் திறந்துவிடுவதாக ஆப்பிரிக்க நாடுகள் 1999-இல் ஐவரி கோஸ்டின் யாமூசூக்ரோவில் தீர்மானித்தன. 2018 ஜனவரியில் ஒற்றை ஆப்பிரிக்க வான் போக்குவரத்துச் சந்தை என்று மறுபடியும் அறிவித்தன. கையெழுத்துக்கு ஒரு குறையும் இல்லை.

மறுமொழி – சிறகொடிந்தவன்

பழியை முழுவதும் அரசுகள் மேல் போட எனக்கு மனமில்லை. 156 இருக்கை கொண்ட ஏ319-ஐ வைத்துத் தொடங்கியதே அகலக்கால். தினம் மூன்று முறை போக வேண்டிய தடத்தில் பெரிய விமானத்தை ஒரு முறை விட்டால், அலுவலாகப் போகிறவர்கள் வரமாட்டார்கள். பிறகு அதைவிடச் சிறிய எம்ப்ரேயர் விமானங்களுக்கு மாறினார்கள். அதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. தலைமை அலுவலகமும் 2016 வரை லண்டனுக்குப் பக்கத்தில் காட்விக்கில் இருந்தது. அந்தச் சம்பளமும் வாடகையும் முவான்சா டிக்கெட்டிலிருந்துதானே வர வேண்டும்?

அதே 2016-இல் தான்சானிய அரசு தன் விமான நிறுவனமான ஏர் டான்சானியாவுக்குப் புதிய க்யூ400 என்ற சிறிய விமானங்களை வாங்கிக் கொடுத்தது. 2018-இல் போயிங் 787 என்ற பெரிய விமானம் ஒன்றும் வந்து சேர்ந்தது. அரசுப் பணத்தில் விமானம் வாங்கும் போட்டியாளரோடு, டாலர் வாடகை கட்டுகிறவர் கட்டணத்தில் மோதி நிற்பது கடினம். ஜிம்பாப்வேயில் இன்னொரு வகைத் தொல்லை: டிக்கெட் விற்ற பணம் உள்ளூர் வங்கியில் கிடக்க, அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அதை வெளியே எடுக்க முடியாமல் ஃபாஸ்ட்ஜெட் தவித்தது.

மறுமொழி – கோடம்பாக்கத்தான்

இந்தியாவோடு ஒப்பிட்டால் முதல் மறுமொழியின் கருத்து இன்னும் தெளிவாகும். இண்டிகோ 2005-இல் நூறு ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. தில்லி, சென்னை, கொல்கத்தா என்று அவற்றைச் சுற்றிவிட எந்த வெளிநாட்டு அரசின் அனுமதியும் தேவைப்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் மலிவு விமான நிறுவனமான ஃப்ளைசாஃபேர் நிலைத்ததற்கும் ஜோகன்னஸ்பர்க்–கேப்டவுன் போன்ற கனத்த உள்நாட்டுத் தடமே அடிப்படை. அந்த நிறுவனத்தைக்கூட, வெளிநாட்டு உரிமைப் பங்கு கூடுதல் என்று போட்டியாளர்கள் 2013-இல் நீதிமன்றத்தில் தடுத்தார்கள். ஓராண்டு கழித்தே பறந்தது.

வடக்குவாசல்

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: அனுமதி உடனே கிடைத்திருந்தால் நைரோபி டிக்கெட் பேருந்துக்கு அருகில் வந்திருக்குமா?

குத்தகைக்கணக்கு

வந்திருக்காது. தான்சானியாவிலிருந்து வெளிநாடு புறப்படும் பயணியிடம் சேவைக் கட்டணமாக மட்டும் 40 டாலர் வாங்குகிறார்கள். நிறுவனம் இருக்கையை இலவசமாகக் கொடுத்தாலும் அந்த 40 டாலரைப் பயணி கட்டித்தான் ஆக வேண்டும். உள்நாட்டில் இது மிகவும் குறைவு. அதனால்தான் முவான்சாவுக்கு அந்த விலையில் விற்க முடிந்தது. உங்கள் கிடங்குக்காரர் போன தடம் சரியான தடம்தான். அந்த ஒரு தடத்தை வைத்து விமான வாடகை முழுவதையும் கட்ட முடியவில்லை.