'1984' நாவல் பற்றிய கட்டுரை: மாதிரிக் கட்டுரையை மனனம் செய்வது உதவுமா?

கேள்வி – சிட்னியில் வசிக்கும் ஒரு தாய்

வணக்கம். என் மகன் நியூ சவுத் வேல்ஸில் 12ஆம் ஆண்டு படிக்கிறான். எச்.எஸ்.சி. (12ஆம் ஆண்டு இறுதிப் பொதுப் பரீட்சை) ஆங்கில முதலாம் வினாத்தாளின் 'பனுவல்களும் மனித அனுபவங்களும்' என்ற பொது அலகிற்கு அவனுடைய பாடசாலை ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலைத் தெரிவு செய்திருக்கிறது. ரியூசனில் கொடுத்த மாதிரிக் கட்டுரையை வரி பிசகாமல் மனனம் செய்து பாடசாலைப் பரீட்சையில் எழுதினான். 20க்கு 11 புள்ளிகளே கிடைத்தன. கேள்வி நினைவைப் பற்றியது, அவன் எழுதியதோ கண்காணிப்பைப் பற்றி. "கதையைச் சொல்கிறாய், விடை எங்கே?" என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்திருக்கிறார். நான் யாழ்ப்பாணத்தில் படித்தபோது மனனம் செய்துதான் தேறினேன் என்பதால், அவனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மனனம் செய்வதையே விட்டுவிடச் சொல்லலாமா?

மறுமொழி 1 – ஓர் ஆங்கில ஆசிரியை

விட வேண்டாம், சகோதரி. ஆனால் பந்திகளை மனனம் செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். மேற்கோள்களும் அவை நாவலில் எந்த இடத்தில் வருகின்றன என்பதும் மனத்தில் இருந்தால் போதும், வாக்கியங்களைப் பரீட்சை மண்டபத்தில் கேள்விக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம்.

டிஸ்டோபியா நாவல், அதாவது கொடுங்கோல் ஆட்சி நடக்கும் ஒரு கற்பனை உலகின் கதை என்றதும் மாணவர்கள் டெலிஸ்கிரீன் (மக்களைக் கண்காணிக்கும் திரை), பெரியண்ணன் (ஆட்சித் தலைவரின் உருவம்), 101ஆம் அறை (சித்திரவதை அறை) என்று அந்த உலகின் இயந்திரங்களையே விவரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த அலகு கேட்பது அந்த இயந்திரத்துக்குள் அகப்பட்ட மனிதனை. நினைவு என்ற கேள்விக்கு நான் ஒரே ஒரு சைகையை எடுத்துக்கொள்வேன். முதல் அத்தியாயத்தில் நாவலின் நாயகன் வின்ஸ்டன் தன் நாட்குறிப்பில் தான் பார்த்த போர்ப்படம் ஒன்றைப் பற்றி எழுதுகிறான்: குண்டுவீச்சுக்கு உள்ளான படகில் ஒரு பெண், தன் கைகளால் தோட்டாவைத் தடுத்துவிட முடியும் என்பதுபோலத் தன் குழந்தையை மூடிக்கொள்கிறாள். அதை எழுதும்போது அவனுடைய நிறுத்தக்குறிகளும் பெரிய எழுத்துகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகின்றன. உணர்ச்சியை வெளிப்படுத்தப் பழகாத ஒருவனின் மொழி அங்கே உடைவதை வாசகர் கண்ணால் காண்கிறார். உத்தியைப் பகுப்பாய்வு செய்வது என்று நாங்கள் வகுப்பில் ஓயாமல் சொல்வது இதைத்தான். இரண்டாம் பாகத்தில், சிறுவயதில் பசியால் தங்கையின் சாக்லேட்டைப் பறித்துக்கொண்டு ஓடியது அவனுக்கு நினைவு வருகிறது. அப்போது தாய் அந்தக் குழந்தையை அதே விதமாகத்தான் அணைத்துக்கொண்டாள். எந்தப் பயனும் தராத அந்த அணைப்புக்குத் தனக்கென ஒரு மதிப்பு இருந்தது என்பதை அவன் இப்போதுதான் விளங்கிக்கொள்கிறான். நினைவு என்பது ஆளும் கட்சி திருத்தி எழுதும் பழைய செய்தித்தாள்களில் மட்டுமல்லாமல் உடலின் ஒரு சைகையிலும் தங்கியிருக்கிறது என்ற வாதத்தை உங்கள் மகன் இதிலிருந்து கட்டியெழுப்பலாம். கேள்வி அன்பையோ குற்றவுணர்வையோ பற்றி வந்தாலும் இதே இரு பகுதிகள் கைகொடுக்கும்.

மறுமொழி 2 – எச்.எஸ்.சி. முடித்த ஒரு மாணவன்

அன்ரி, ரீச்சர் சொன்னதோடு நேரக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வினாத்தாளுக்கு வாசிப்பு நேரம் 10 நிமிடங்கள், எழுதும் நேரம் ஒன்றரை மணித்தியாலம், மொத்தம் 40 புள்ளிகள். அதில் பாதி முன்பின் வாசித்திராத பகுதிகளுக்குப் போய்விடுவதால் கட்டுரைக்கு ஏறத்தாழ 45 நிமிடங்களே மிஞ்சும். ஆறு பந்திகளுக்கு ஆசைப்பட்டு ஐந்தாவதில் நின்றவன் நான். மூன்று பந்திகளை ஆழமாக எழுதியிருந்தால் நன்றாக வந்திருக்கும். என்னைக் காப்பாற்றியது நாவலின் பின்னிணைப்புத்தான். சிந்தனையைக் குறுக்குவதற்காக ஆட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழியை விளக்கும் அந்தப் பகுதி முழுவதும் இறந்தகாலத்தில், வழமையான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதால், அந்த ஆட்சி பிறகு வீழ்ந்துவிட்டது என்று வாதிடலாம். கனடிய நாவலாசிரியை மார்கரெட் அட்வுட்டும் அப்படித்தான் வாசித்திருக்கிறார்.

மறுமொழி 3 – இன்னொரு வாசகர்

பின்னிணைப்பை நம்பி முழுக் கட்டுரையையும் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். வின்ஸ்டன் இறுதியில் முழுமையாகத் தோற்றுப்போகிறான் என்பதை எதிர்கொள்ளாமல் நம்பிக்கையூட்டும் முடிவுக்குத் தாவினால், திருத்துபவருக்கு அது தப்பித்தலாகத் தோன்றக்கூடும். வரலாற்றுப் பின்னணியிலும் அளவு வேண்டும். நாவல் 1949இல் வெளிவந்தது, ஸ்டாலினின் ஆட்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதற்கு ஒரு வாக்கியம் போதும். பழைய பத்திரிகைகளைத் திருத்தும் வின்ஸ்டனின் தொழிலைப் பற்றி எழுதும்போது, 1941 முதல் 1943 வரை ஓர்வெல் பிபிசியில் போர்க்காலப் பிரசார ஒலிபரப்பில் வேலை செய்தார் என்ற தகவலை அங்கேயே சேர்த்தால் அது வாதத்துக்கு உதவும். முன்னுரையில் அவருடைய வாழ்க்கை வரலாறாக வைத்தால் அது வெறும் தகவல்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு மகனை அந்த நாட்குறிப்புப் பகுதியையும் சாக்லேட் பகுதியையும் உரக்க வாசிக்கச் சொன்னேன். நிறுத்தக்குறிகள் காணாமல் போகும் இடத்தில், அது அச்சுப்பிழை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தானாம். மாதிரிக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, ஆசிரியை காட்டிய அந்தச் சைகையை மட்டும் வைத்து ஒரு பந்தி எழுதினான். அரை மணித்தியாலம் எடுத்தது. அதை இங்கே பதிந்தால் யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?