பீஞ்சமந்தை மலைல இருந்து ஹெர்னியா ஆபரேஷனுக்கு கூட்டிட்டு வரணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் இருந்து எழுதுறேன். மலை மேல எங்க பெரியப்பா முறை ஒருத்தருக்கு ரொம்ப நாளா குடலிறக்கம் (ஹெர்னியா), படுத்தா உள்ள போகும், மூட்டை தூக்குனா வெளிய வந்துடும், இப்ப கொஞ்சம் கொஞ்சமா பெருசாவுது. ஆபரேஷன்னாலே பயம், கூலி போயிடும்னு வேற தள்ளிப் போடுறாரு. ஆனா அது உள்ள போகாம மாட்டிக்கிட்டு வலியும் வாந்தியும் வந்துச்சுன்னா குடலுக்கு ரத்தம் போகாம அழுகிடும், அப்புறம் சில மணி நேரம்தான் டைம். அவசர ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரத்துல போக முடியணும்னு 2015ல லான்செட் கமிஷன்னு ஒரு சர்வதேச மருத்துவ நிபுணர் குழு சொல்லிச்சு. ராத்திரில மழைல மலை இறங்கி அடுக்கம்பாறைல இருக்கிற வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரணும்னா எப்படிங்க முடியும்? அதனாலதான் இப்பவே பிளான் பண்ணி வலை வச்சு தைக்கிற ஆபரேஷன் முடிச்சிடணும்னு பாக்குறேன், முதுகுல மரத்துப்போற ஊசி போட்டே பண்ணலாமாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவருக்கு இன்னும் எடுக்கல. வருஷ வருமானம் 1,20,000க்கு கீழதான், விஏஓ கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு கலெக்டர் ஆபீஸ் போனா அன்னிக்கே அட்டை நம்பர் குடுப்பாங்களா? அடுக்கம்பாறைல சர்ஜரி ஓபி எந்தெந்த நாள்? கே.வி.குப்பம் ருசால (சிஎம்சியோட கிராமப்புற ஆஸ்பத்திரி) ஹெர்னியா பண்ணிக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா, எவ்ளோ ஆச்சு? தையல் ஆறுற வரைக்கும் மலை ஏற விடக்கூடாது, கீழ கொஞ்ச நாள் தங்க ஒரு ரூம் இருந்தாலும் சொல்லுங்க. முக்கியமா, ஏற்கனவே பண்ணிக்கிட்ட மலைக்காரர் யாராவது போன்ல அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுனா போதும், டாக்டர் சொல்றதவிட அதைத்தான் நம்புவாரு.