கப்பற்படையா மக்களாட்சியா: ஏதென்ஸில் எது முதலில்?

நெய்தல்:
ஏதென்ஸில் மக்களாட்சி வளர்ந்தது கப்பற்படையால்தான் என்று பல இடங்களில் படிக்கிறேன். ஆனால் மக்கள் சபைக்கு வலுவூட்டிய கிளைஸ்தெனிஸ் என்ற தலைவரின் சீர்திருத்தம் கி.மு. 508-லேயே வந்துவிட்டதே? பெரிய கப்பற்படை அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துத்தான் உருவானது.

துடுப்பு:
508-இல் மக்கள் சபை வலுவானது சரி. சொத்தில்லாத கடைசி வகுப்பாருக்கு உயர்பதவி எதுவும் கிடையாது. தரைப்போரிலும் கவசம், கேடயம் கைக்காசில் வாங்க முடிந்தவனுக்கே மதிப்பு.

483 வாக்கில் ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா (வெள்ளி நாணயம்) பங்கு போட இருந்தவர்களை அரசியல் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் கப்பல் கட்டச் சம்மதிக்க வைத்தார். மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றுக்கு மேலடுக்கில் 62 பேர், மற்ற இரண்டிலும் 54 பேர் வீதம், மொத்தம் 170 துடுப்புக்காரர்கள். துடுப்புக்காரனுக்குத் துடுப்பு, உட்கார மெத்தை, துடுப்பைப் பிணைக்க ஒரு வார் போதும், கவசம் வேண்டாம். நூறு கப்பலென்றால் 17,000 பேர். ஏழைகளை ஒதுக்கிவிட்டு அத்தனை பேரை எங்கே தேடுவது? 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரைத் தோற்கடித்த பிறகு அந்த ஏழைகளின் குரலைத் தட்டிக்கழிப்பது கடினமானது. 462 வாக்கில் மக்களாட்சித் தலைவர் எஃபியால்ட்டிஸ், முன்னாள் உயர்பதவியாளர்கள் அமர்ந்த அரியோபகஸ் மன்றத்தின் அதிகாரத்தைக் குறைத்தார். அவருக்குப் பின் தலைவரான பெரிக்ளிஸ் நீதிமன்ற நடுவர்களுக்குப் படி கொடுத்தார்.

பழைய ஏடு:
செலவையும் பாருங்கள். கப்பலில் 200 பேர், நாளுக்கு ஒரு டிராக்மா என்றால் மாதம் 6,000. அதாவது ஒரு டாலண்ட் என்ற எடை, சுமார் 26 கிலோ வெள்ளி. இதில் பெரும்பகுதி ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பம். கூட்டணியிலிருந்து விலக நினைத்த மிட்டிலினி நகரை 427-இல் ஒடுக்கினார்கள். ஏதென்ஸ் ஏழையின் உரிமைக்கு மற்ற ஊர்கள் பணம் கட்டின என்பதை மறைக்கக் கூடாது. துடுப்புப் போட்டவர்களில் வெளியூர்க்காரரும் அடிமைகளும் உண்டு. வெனிஸும் கடலரசுதான், அங்கே கி.பி. 1297-இல் ஆட்சி செய்த பெருமன்றத்தைச் சில குடும்பங்களுக்குள் அடைத்துவிட்டார்கள். கப்பல் இருந்தால் மட்டும் உரிமை வந்துவிடாது.

துடுப்பு:
ஒப்புக்கொள்கிறேன். துடுப்புக்காரன் சபையில் வாக்குள்ள குடிமகனாகவும் இருக்க வேண்டும். அதற்கு 508-இன் சீர்திருத்தம் தேவைப்பட்டது. இரண்டும் சேர்ந்ததன் பலன் 411-இல் தெரிந்தது. நகரில் மக்களாட்சியைக் கவிழ்த்து நானூறு பேர் ஆட்சியைப் பிடித்ததும், சாமோஸ் தீவில் நின்ற ஏதென்ஸ் கப்பற்படையினர் அங்கேயே சபை கூடி, பழைய தளபதிகளை நீக்கி, மக்களாட்சி ஆதரவாளர் திராசிபுலஸ் உள்ளிட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நானூறுவர் ஆட்சி சில மாதங்களே நீடித்தது.

தலைகீழ்ச் சான்று 322. அமோர்கோஸ் கடற்போரில் ஏதென்ஸ் கடற்படை தோற்றது, தரையிலும் தோல்வி. வென்ற மாசிடோனியாவின் ஆட்சியாளர் ஆன்டிபேட்டர் 2,000 டிராக்மா சொத்துள்ளவர்க்கே குடியுரிமை என்று விதித்தார். உரிமை இழந்த ஏழைகள் 12,000-க்கும் மேல் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.