மறு: பொம்மைக் கல்லின் ‘ஸ்டட்’ – குமிழா, புள்ளியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஓடுகிற இந்த இழையை ஆரம்பித்து வைத்தவன் நான். கேட்டது சின்னக் கேள்விதான். பிளாஸ்டிக் பொம்மைக் கற்களின் தலையில் வட்ட வட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதே, ஸ்டட் என்கிறார்கள், அதைத் தமிழில் என்ன சொல்லலாம்? குமிழ், மொட்டு, முகிழ், பொத்தான், புடைப்பு, மரு என்று கொட்டிவிட்டீர்கள். மரு என்று எழுதியவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகிற சாமான் ஐயா இது, தோல் மருத்துவரிடம் காட்டப்போவதில்லை.

எதற்கு இந்தச் சொல் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மாலை ஆறேழு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கூடுவார்கள். இந்த முறை ஒரு ஸ்போர்ட்ஸ் காரை அளவு பிசகாமல் கட்டுவதாகத் திட்டம். பெட்டியோடு வரும் படப்புத்தகத்தைப் பார்த்து அல்ல, நாங்களே வரைந்து. எடுத்துக்கொண்டது முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸ். லோட்டஸ் நிறுவனம் 1996இல் நம் மலேசியக் கார் நிறுவனம் புரோட்டோன் கைக்கு வந்தது, 2017இல் கைமாறிப் போனது. எலீஸ் சாலைக்கு வந்ததும் அதே 1996தான். ஆகவே அது பாதி நம்ம காடி என்பது பிள்ளைகளின் வாதம்.

செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதினேன். முதல் குறிப்பில் ஸ்டட்டுக்கு ‘முனை’ என்று போட்டிருந்தேன். “கதவின் அடிக்கல்லை இரண்டாவது முனையில் பதிக்கவும்.” ஒரு பையன் கல்லின் இரண்டாவது மூலை எது என்று நியாயமாகத் தேடி, அங்கேயே பதித்துவிட்டான். அதன்மேல் நாற்பது நிமிடம் கட்டிய பிறகுதான் கதவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும் பிரித்தோம். ஒரு மெல்லிய தட்டைப் பெயர்க்கும்போது நகம் ஒன்று சேர்ந்து பெயர்ந்தது, என்னுடைய நகம். அன்றிரவுதான் உங்களுக்கு முதல் மடல் எழுதினேன்.

கல்லுக்குச் ‘செங்கல்’ என்று சொல்லலாம் என்றவர்களுக்கு: எங்கள் கார் கரும்பச்சை. பச்சைச் செங்கல் என்று எழுதினால், சூளையில் வேகாத கல் என்று நம் மேஸ்திரிகள் எடுத்துக்கொள்வார்கள். வெறும் ‘கல்’ போதும். (1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைத் தின்ற பிறகு, வீடுகளைச் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். அந்தக் கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் எங்கள் பேட்டை. பிரிக்பீல்ட்ஸ்காரன் கல்லுக்குப் பெயர் தேடுவது எனக்கே வேடிக்கைதான்.) லெகோவை ‘இலெகோ’ என்று எழுத வேண்டும், லகரம் மொழிக்கு முதலில் வராது என்ற அன்பரின் இலக்கணம் சரி. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் பெயர். எங்கள் டப்பாவில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய வேறு கற்களும் கலந்துகிடக்கின்றன. பொதுப்பெயராக அது வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் கார் ஸ்போர்ட்ஸ் காராகவே இருக்கட்டும். ‘விளையாட்டு மகிழுந்து’ என்று எழுதினால் நாங்கள் கட்டுவது விளையாட்டு மகிழுந்தின் விளையாட்டு மகிழுந்து ஆகிவிடும்.

இனி விஷயம்.

செந்தூல் அன்பர் தச்சு வேலையிலிருந்து ‘நாக்கு – காடி’ ஜோடியைக் கொண்டுவந்தார். ஒரு பலகையின் நாக்கு இன்னொரு பலகையின் காடிக்குள் போய் உட்காரும். அழகான ஜோடி. ஆனால் காடி நீளவாக்கில் ஓடுகிற பள்ளம். இங்கே நடப்பது வேறு. 1949இல் டென்மார்க்கின் பில்லுண்டில் வந்த லெகோவின் முதல் கற்களுக்கு அடியில் வெறும் கூடுதான், அடுக்கினால் நிற்கும், தூக்கினால் உதிரும். 1958இல் கூட்டுக்குள் குழல்களை வைத்துக் காப்புரிமை எடுத்தார்கள். கீழ்க்கல்லின் தலை, மேல்கல்லின் குழலுக்கும் சுவருக்கும் நடுவே இறுகி உட்காருகிறது. பிளாஸ்டிக் இம்மியளவு விரிந்துகொடுத்துத் திரும்ப நெருக்குகிறது. இந்த நெருக்கத்துக்குப் பிள்ளைகள் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள்: பிடி. “இந்தக் கல்லு பிடி போச்சு அண்ணே” என்று எடுத்துப் போடுகிறார்கள். ‘கவ்வுதிறன்’ என்று முன்மொழிந்தவர் மன்னிக்க வேண்டும், பிடி வென்றுவிட்டது. அசல் எலீஸின் அலுமினியச் சட்டகம் பசை போட்டு ஒட்டியது. எங்கள் எலீஸில் பசையே இல்லை, பிடி மட்டும்தான். தவிர, நம் ஊரில் காடி என்றால் கார். “காடிக்குக் காடி வெட்டு” என்று நான் எழுதினால் பையன் ரம்பத்தைத் தேடுவான்.

ஆக, துருத்துகிற பொருளுக்குக் குமிழ். பழைய பாதக்குறட்டில் கால் விரலிடுக்கில் மாட்டுகிற குமிழை நினைத்துப் பாருங்கள். உருவமும் அதே, பிடித்து நிறுத்துகிற வேலையும் அதே.

ஆனால் குமிழோடு முடியவில்லை. எலீஸின் அகலம் ஏறக்குறைய 1.7 மீட்டர். உள்ளங்கையளவு கார் கட்டுகிறவர்கள் எட்டு ஸ்டட் அகலம் வைப்பது வழக்கம். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மில்லிமீட்டர், எட்டுக்கு 64. அதாவது அசலில் ஏறக்குறைய 27இல் ஒரு பங்கு. அசல் நீளம் 3726 மில்லிமீட்டர், சுருக்கினால் பதினேழரை ஸ்டட். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2300 மில்லிமீட்டர், அது பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கு முழுவதும் ஸ்டட் என்பது தலையில் துருத்துகிற பொருளே இல்லை, முழம், சாண் மாதிரி ஓர் அளவு. பதினேழரைக் குமிழ் என்றால் அரைக் குமிழை எங்கே போய் வெட்டுவது?

இதற்கு விடை போன சனிக்கிழமை தானாக வந்தது. ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி, குனிந்த தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டினாள். “அண்ணே, பச்சையில நாலு புள்ளி ரெண்டு வரிசை ஒண்ணு.” நான் எடுத்துக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. கோலம்! அவள் கல்லைப் பார்க்கவில்லை, புள்ளி வைத்த தரையைப் பார்க்கிறாள்.

ஆகவே என் முன்மொழிவு: பொருளுக்குக் குமிழ், அளவுக்குப் புள்ளி. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது என்பதற்காக நாமும் ஒன்றையே கட்டி அழ வேண்டாம்.

ஒரு சந்தேகம் பாக்கி. இரண்டு புள்ளி நீளத் தட்டு, ஆனால் நட்ட நடுவில் ஒரே ஒரு குமிழ் உள்ள துண்டு உண்டு. அதன்மேல் வைக்கிற கல் அரைப் புள்ளி தள்ளி உட்காரும். ஆங்கிலத்தில் அதை ஜம்பர் என்கிறார்கள். ‘குதிப்பான்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. யோசனை சொல்லுங்கள்.

– பிரிக்பீல்ட்ஸ்

*

தம்பிக்கு,

ஜார்ஜ்டவுனிலிருந்து அக்கா எழுதுகிறேன். இந்தக் குழுவில் வாயைத் திறக்காமல் படித்துவிட்டுப் போகிறவள் நான். புள்ளி என்று பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு சந்தேகம். இப்போது தீபாவளிக்கு மால்களில் போடுவதெல்லாம் சாய அரிசிக் கோலம். சுண்ணக்கட்டியால் மயில் வரைந்து உள்ளே அரிசியைக் கொட்டுகிறார்கள். அதில் புள்ளியே கிடையாது. அந்தப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது? கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் குதிப்பானுக்குப் பெயர் எங்கள் வாசலிலேயே கிடக்கிறது. புள்ளி வைப்பதில் இரண்டு விதம். ஒன்று நேர்ப்புள்ளி: ஒன்றின் கீழ் ஒன்றாக, கட்டம் கட்டமாக. இன்னொன்று ஊடுபுள்ளி: மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே, கீழ் வரிசையின் புள்ளி. “பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரை” என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும். வரிசைக்கு ஒன்று குறைந்து எட்டில் நிற்கும். அரைப் புள்ளி தள்ளி வைப்பதுதானே ஊடுபுள்ளி? உங்கள் துண்டு ‘ஊடுபுள்ளித் தட்டு’. எங்கள் அம்மா சந்துப்புள்ளி என்பார். எது வாயில் சுலபமாக வருகிறதோ அதை வையுங்கள்.

குமிழே இல்லாமல் வழுவழுவென்று ஒரு தட்டு உண்டே, என் பேரன் வீடெல்லாம் போட்டு வைத்திருக்கிறான், அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

– ஜார்ஜ்டவுன்

*

நண்பர்களே,

இருவரும் உற்சாகத்தில் இருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியன், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

புள்ளிக்கு ஏற்கெனவே வேலை அதிகம். மெய்யெழுத்தின் தலையில் அதுதான். பள்ளியில் பிள்ளைகள் எடுப்பதும் புள்ளிதான். எல்லாவற்றையும்விட, தசமப் புள்ளி. “நாலு புள்ளி ரெண்டு” என்று நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் 4.2 என்று எழுதுவார்கள். உங்கள் காரின் நீளம் ‘பதினேழு புள்ளி ஐந்து புள்ளி’ ஆகுமா? கலைச்சொல் என்றால் ஒரு கருத்துக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து. நீங்கள் ஒரு கருத்துக்கு இரண்டு சொல் தருகிறீர்கள், அதில் ஒன்றுக்கு ஏற்கெனவே நாலு கருத்து.

சொல் குறுகலாக, வாயில் நிற்பதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ‘இணையம்’ தந்தார், மறுபேச்சில்லாமல் ஒட்டிக்கொண்டது. அந்தத் தரத்தில் ஒன்று யோசியுங்கள்.

முழு மாதிரிக்கு ஒன்று தருகிறேன்: சிறுதேர். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குக் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டுவது. பிள்ளை உருட்டும் வண்டிக்குத் தமிழில் இதைவிடப் பழைய பெயர் எது?

– பட்டர்வொர்த்

*

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

அக்கா, விசாரித்தேன். அந்தப் பெண்ணின் பாட்டி வீடு நிபோங் திபால். பள்ளி விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். பாட்டி இன்னும் மாவில் புள்ளி வைத்துத்தான் போடுகிறாராம். வழுவழுத் தட்டுக்குப் பெயர் வைக்க நாங்கள் கூட்டம் போடவே இல்லை, முதல் நாளே பிள்ளைகள் வைத்துவிட்டார்கள்: மொட்டைத் தட்டு. என் பட்டியலில் ‘மழுந்தகடு’ என்று இருந்ததை நானே அடித்துவிட்டேன்.

ஐயா, தசமப் புள்ளி விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. நேற்று இரவு என் குறிப்பை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் எனக்கே குழம்பியது. ஆகவே இரண்டு திருத்தம். அரை, கால் என்று மட்டும் சொல்வது: பதினேழரைப் புள்ளி, இரண்டே கால் புள்ளி. தசமம் மில்லிமீட்டரோடு நிற்கட்டும். கல்லின் பெயரில் ‘வரிசை’யை விடக்கூடாது: நாலு புள்ளி ரெண்டு வரிசை. வரிசை வந்துவிட்டால் 4.2 காதில் விழாது. அந்தப் பெண் அப்படித்தான் கேட்டாள்.

ஆனால் ஒரு கருத்துக்கு இரண்டு சொல் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கருத்தே இரண்டு. விரல் வேறு, விரற்கடை வேறு இல்லையா? “நாலு விரற்கடை தண்ணீர் வை” என்றால் யாரும் கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பதில்லை. தட்டைப் பாருங்கள். ஒரு தட்டின் கனம் 3.2 மில்லிமீட்டர், மூன்று தட்டு சேர்ந்தால் ஒரு கல்லின் உயரம், 9.6. ஐந்து தட்டை அடுக்கினால் 16, அது சரியாக இரண்டு புள்ளி. கற்களைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்துகிற வித்தை முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. எலீஸின் கதவோரத்தில் ஐந்து தட்டைச் சாய்த்து இரண்டு புள்ளி இடத்தில் செருகியிருக்கிறோம். அங்கே எந்தக் குமிழும் மேலே பார்க்கவில்லை, ஆனாலும் அது இரண்டு புள்ளிதான். ‘இரண்டு குமிழ் இடம்’ என்று எழுதினால் இல்லாத குமிழைப் பிள்ளை தேடும். முனை கதை திரும்ப வேண்டாம்.

சிறுதேர் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளைகளிடம் சொன்னேன். “தைப்பூசத்துக்கா அண்ணே?” என்றார்கள். பத்துமலைக்கு வெள்ளித்தேர் போகிற ஊரில் தேர் என்றால் ஒரே தேர்தான் போலிருக்கிறது. குறிப்பின் அட்டையில் தலைப்பாக மட்டும் ‘சிறுதேர்’ என்று போட்டிருக்கிறேன், உள்ளே கார்.

நேற்றைய சோதனையையும் சொல்லிவிடுகிறேன். முன்மூடி ஏழு புள்ளி அகலம், உடல் எட்டு. நேர்ப்புள்ளியில் வைத்தால் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் முழுப் புள்ளி வாயைப் பிளக்கிறது. குறிப்பில் ஒரே வரி எழுதினேன்: “முன்மூடியை ஊடுபுள்ளியில் வைக்கவும்.” வேறு விளக்கம் தரவில்லை. அந்தப் பெண் டப்பாவைக் கிளறி, ஒற்றைக் குமிழ்த் தட்டு இரண்டை எடுத்தாள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பதித்தாள், மூடியை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். இரண்டு பக்கமும் அரைப் புள்ளி, நாலு மில்லிமீட்டர். கோலமே போட்டிராத பையன்கள் மூன்று பேருக்குத்தான் வரி புரியவில்லை. அவள் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்துக் காட்டினாள்.

பின்பக்கச் சக்கரம் ஒன்று இன்னும் சுற்ற மறுக்கிறது. அச்சில் சக்கரம் நகராமல் நிறுத்துகிற சின்ன வளையமான புஷ்ஷை அளவுக்குமேல் நெருக்கிவிட்டோம் என்று நினைக்கிறேன். அதைத் தளர்த்திவிட்டு முழுச் சொற்பட்டியலை அடுத்த வாரம் அனுப்புகிறேன். புஷ்ஷுக்கு யாரும் இப்போதைக்குத் தமிழ் தேட வேண்டாம்.

– பிரிக்பீல்ட்ஸ்